மதிப்பீடும் மனிதரும்



கணிப்பொறி நிறுவனங்களில் வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் சம்பளத்தை விசாரிக்கின்றனர். தம்மை அங்கு எவ்வாறு மதிப்பிடுவர் என்பதை விசாரிப்பதில்லை.

1975-இல் பில் கேட்சும் பால் ஆலனும் தொடங்கிய மைக்ரோசாப்ட், பல்லாயிரவர் பணிபுரியும் நிறுவனமாக வளர்ந்தது. அத்தனை பேரையும் மதிப்பிட, ஒவ்வொரு குழுவிலும் முதல்நிலை இத்தனை பேர், கடைநிலை இத்தனை பேர் என்று விகிதம் முன்கூட்டியே வகுக்கப்பட்டது. பத்துப் பேரும் நன்கு உழைப்பினும் எவரேனும் ஒருவர் கடைநிலைக்குத் தள்ளப்பட்டாக வேண்டும்! அடுத்தவருக்கு உதவினால் தமக்கு நட்டம் என்ற எண்ணம் வளர்ந்தது. 2013 நவம்பரில் அந்நிறுவனமே அம்முறையைக் கைவிட்டது. பிறர் வெற்றிக்குத் துணைநின்றதையும் கணக்கில் கொள்ளலாயிற்று.

வகுப்பில் ‘ரேங்க்’ போட்டவர்களே நாமும். ஆயினும் 35 மதிப்பெண் பெற்றோர் அனைவரும் தேறுவர். பத்தில் ஒருவரைத் தோற்கடித்தே தீர வேண்டுமென நம் பள்ளிகளில் விதியில்லை.

இந்திய நிறுவனங்கள் பலவும் அவ்விகித முறையைக் கையாண்டவையே. கடைநிலைக்கு ஆள் தேடுங்கால், பரிந்து பேச எவருமில்லாதவன் மீதே கண் விழும் என்று அஞ்சுகிறோம். தனியார் துறையில் இடஒதுக்கீடும் இல்லை. ஆகவே வேலையில் சேரும் தம்பி தங்கையர், தாம் முடித்த பணியையும் பிறருக்குச் செய்த உதவியையும் அன்றன்றே தேதியிட்டு எழுதி வைத்து, மதிப்பீட்டின்போது மேலாளரிடம் எழுத்து மூலம் அளித்தல் வேண்டும்.