ஜன்னலை மாற்றுவதற்கு முன்

(மாதாந்திரக் குடும்ப நல நிகழ்ச்சியில் கட்டடப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கோடை வந்தால் நமக்கு இரண்டு கவலை. ஒன்று புழுக்கம், மற்றொன்று கரண்ட் பில். "பழைய ஜன்னலை எடுத்துவிட்டுப் புதுசு போட்டால் பில் குறையுமாமே?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

எங்கள் உம்மாவின் அறை மேற்குப் பார்த்தது. அதில் பழைய தேக்கு ஜன்னல், பலகைக் கதவுகள், சுற்றிலும் இடுக்கு. ஏசி வைத்தபோது குளிர் வெளியே போகிறதென்று அதைக் கழற்றிவிட்டுப் பெரிய கண்ணாடி ஸ்லைடிங் ஜன்னல் மாட்டினேன். பொறியாளராக இருந்தும் யோசிக்காமல் செய்தேன். மூன்று மணி வெயில் நேரே கட்டிலில் விழுந்தது. ஏசி ஓயவே இல்லை. கரண்ட் போனால் காற்றுக்குத் திறக்கலாமென்றால், ஸ்லைடிங் பாதிதான் திறக்கும். "வெயில் என்கூடவே படுக்குது வாப்பா" என்றார் உம்மா. அந்தச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது.

காரணம் எளிது. சாதாரணக் கண்ணாடி வெயிலின் சூட்டில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். உள்ளே திரை போட்டாலும் சூடு வந்த பிறகுதான் தடுக்கிறோம். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் குளிர் நாடுகளில் வீட்டுச் சூட்டைக் காக்கப் பெரிதும் உதவுகிறது. நம் ஊரில் பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடியால் நேர் வெயிலை அதிகம் தடுக்க முடியாது.

ஆகவே செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்.

முதலில், மேற்கு, கிழக்கு ஜன்னல்களுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள். சன்ஷேட் இல்லையென்றால் போடுங்கள்.

இரண்டாவது, ஏசி அறை ஜன்னலின் இடுக்குகளை ரப்பர் பட்டை ஒட்டி அடையுங்கள். நிலை நன்றாக இருந்தால் ஆசாரியை அழைத்துக் கதவை மட்டும் இழைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். நல்ல தேக்கைப் பழைய சாமானுக்குப் போடாதீர்கள்.

மூன்றாவது, நிலையே கறையான் அரித்துப் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போது முழுதாகத் திறக்கும் கதவு ஜன்னலாகக் கேளுங்கள். கண்ணாடி எவ்வளவு வெயில் சூட்டை உள்ளே விடும் என்ற அளவைக் கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள்.

வீடுகளுக்கான எரிசக்தி சிக்கன விதித்தொகுப்பான 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா'வை மத்திய அரசு 2018இல் வெளியிட்டது. சுவர், ஜன்னல் வழியே வரும் சூட்டுக்கு அது சதுர மீட்டருக்கு 15 வாட் என வரம்பு வைத்தது. புது வீடு கட்டுவோர் பொறியாளரிடம் இதைக் கேளுங்கள். ஏசியை 24 டிகிரியில் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமென எரிசக்தி சிக்கனப் பணியகம் சொல்கிறது.

உம்மா வீட்டில் கடைசியில் வெளியே தட்டி கட்டினோம். அன்று மாலையே அறை வித்தியாசம் தெரிந்தது. முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

நம் தெருவில் மாடி அறையில் தனியாக இருக்கும் முதியவர்கள் உண்டு. ஏசி வாங்கித் தர நம்மால் முடியாமல் போகலாம். ஒரு தட்டி கட்டிக் கொடுக்க முடியும். இந்த வாரமே போய்ப் பாருங்கள், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.