கொத்தனார் ஏப்ரன் கட்டிய கோமான்கள்

1717 ஜூன் 24 அன்று லண்டன் மதுக்கடை ஒன்றில் நான்கு லாட்ஜுகளை, அதாவது கிளைச் சங்கங்களை, சேர்ந்தவர்கள் கூடி, ஆந்தனி சேயர் என்பவரைத் தங்கள் முதல் கிராண்ட் மாஸ்டராக (தலைவராக) தேர்ந்தெடுத்தார்கள் என்பது ஃப்ரீமேசன்கள் என்னும் சகோதரத்துவ இயக்கத்தார் சொல்லிவரும் வரலாறு. அந்த ஆண்டைக்கூட ஆய்வாளர் சிலர் ஏற்பதில்லை, 1721 என்கிறார்கள். சாலமோன் மன்னனின் ஆலயம் வரை வேர் ஓடுவதாகச் சொல்லும் கதைகளுக்கோ சான்றே கிடையாது.

கல்தச்சர் சங்கங்களின் கருவிகளையும் வழக்கங்களையும், லாட்ஜுகளில் உளி பிடித்தறியாத கனவான்கள் ஒழுக்கப் பாடமாக மாற்றிக்கொண்டார்கள். தூக்குக்குண்டு நேர்மைக்கு, மட்டப்பலகை சமத்துவத்துக்கு, மூலைமட்டம் நல்லொழுக்கத்துக்கு. பிரபுவும் வணிகரும் ஒரே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் சகோதரர் என்றழைத்தனர். பயிலுநர், தோழர், மாஸ்டர் என்று படிகள் மூன்று. மூன்றாம் படியில், ரகசியத்தைச் சொல்ல மறுத்து உயிர்விட்ட ஹிராம் அபிஃப் என்னும் கட்டடக் கலைஞரின் கதை நடித்துக் காட்டப்படுகிறது. கைகுலுக்கும் முறை, அடையாளச் சொல் என்னும் ரகசியங்கள் பல காலமாகவே அச்சில் கிடைக்கின்றன. வதந்திதான் இன்னும் ஓயவில்லை.

இயக்கத்தின் உண்மையான புதுமை ரகசியத்தில் இல்லை. 1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த சட்டநூல், மதச் சண்டையும் அரசியல் சண்டையும் லாட்ஜின் வாசலைத் தாண்டக் கூடாது என்றது. மதப்போர்களின் காயம் ஆறாத ஐரோப்பாவில் அது துணிச்சலான விதி. பல மதத்தார் ஒன்றுகூடுவதையும் ரகசியச் சத்தியத்தையும் கண்டித்து, 1738இல் போப் பன்னிரண்டாம் கிளெமெண்ட் கத்தோலிக்கர்களுக்குத் தடை விதித்தார்.

புகழ்பெற்ற உறுப்பினர்களுக்கும் குறைவில்லை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1734இல் ஆண்டர்சன் நூலை அமெரிக்காவில் அச்சிட்டார். ஜார்ஜ் வாஷிங்டன் 1793இல் மேசன் சடங்குகளோடு அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். மோட்சார்ட் 1784இல் வியன்னாவில் சேர்ந்தார். வால்டேர் சேர்ந்தது 1778இல், சாவதற்குச் சில வாரங்கள் முன்பு.

சகோதரத்துவம் என்ற பேச்சுக்கு உண்மையான சோதனை இந்தியாவில் வந்தது. ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா, 1770களிலேயே திருச்சிராப்பள்ளியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அரச குடும்பத்துக்குக் கதவு எளிதாகத் திறந்தது. கல்கத்தா வணிகர் பிரசன்ன குமார் தத்தாவுக்கோ 1863 முதல் ஒன்பது ஆண்டுகள் திறக்கவில்லை. பல தெய்வங்களை வணங்கும் இந்து ஒரே இறைவனை நம்பிச் சத்தியம் செய்ய முடியுமா என்று வங்காளத்து வெள்ளைக்கார மேசன்கள் கேட்டார்கள். வாதம் இறையியல், தயக்கம் நிறம் பற்றியது. 1872இல் தத்தா வென்று, 'ஆங்கர் அண்ட் ஹோப்' லாட்ஜில் சேர்ந்தார். அதே லாட்ஜில் 1884இல் சேர்ந்த இளைஞர் நரேந்திரநாத் தத்தர், பின்னாளில் விவேகானந்தர் ஆனார்.

1961இல் இந்நாட்டு லாட்ஜுகளின் தலைமை அமைப்பாக இந்திய கிராண்ட் லாட்ஜ் தனியாக அமைந்தது. உறுப்பினர்கள் தத்தம் மறைநூலின்மீது சத்தியம் செய்ய, கீதையும் குர்ஆனும் பைபிளும் இங்கே அருகருகே வைக்கப்படுகின்றன. பெண்களுக்கு மட்டும் இந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.