தொட்டுப் பேசும் உரிமை



பேச்சு வராத குழந்தைக்குச் சொல்வதற்கு எதுவுமில்லை என்று பொருளல்ல. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினர் வாய்மொழியாகப் பேசுவதில்லை. பசியும் வலியும் அச்சமும் மறுப்பும் அவர்களுக்கும் உண்டு. அவற்றை வெளிப்படுத்த வழியில்லாதபோது அக்குழந்தை அலறுகிறது, தலையை மோதிக்கொள்கிறது. சமூகமோ அதனை அடம் என்கிறது.

பட அட்டைகளைக் கொடுத்துத் தேவையைத் தெரிவிக்கும் முறை 1985இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. படத்தைப் பொருளோடு இணைத்துக் காண இயலாத குழந்தைகளுக்குத் தொட்டுணரும் அடையாளங்கள் உதவுகின்றன. பார்வையும் செவித்திறனும் ஒருங்கே இழந்த குழந்தைகளின் கல்வியில் வளர்ந்த முறை இது. குளியலுக்குத் துண்டின் ஒரு பகுதி, வெளியே செல்வதற்குச் செருப்பின் வார் என ஒவ்வொன்றும் தனித்தனி அட்டையில் பொருத்தப்படும். குழந்தை அதனை எடுத்து நீட்டினால், அதுவே அதன் சொல்.

குழந்தையின் விரல்கள் அறிந்ததே அடையாளமாக வேண்டும். பொம்மைப் பேருந்து நம் கண்ணுக்குத்தான் பேருந்து, விரல்களுக்கு வெறும் பிளாஸ்டிக். பயணத்தில் குழந்தை பற்றிக்கொள்ளும் கம்பியை ஒத்த குழாய்த்துண்டே பொருத்தமானது. கையால் உண்ணும் குழந்தைக்குக் கரண்டி உணவைக் குறிக்காது. அன்றாடம் உண்ணும் எவர்சில்வர் கிண்ணம் குறிக்கும். சொரசொரப்பைத் தாங்க இயலாத குழந்தைக்கு உப்புத்தாள் ஒட்டிய அட்டை தண்டனையாகும். விழுங்கக்கூடிய சிறு பொருள்கள் கூடா. "வேண்டும்" என்பதோடு "வேண்டாம்", "போதும்", "வலிக்கிறது" என்பவற்றுக்கும் அடையாளங்கள் வேண்டும். மறுப்பதற்குச் சொல் தராத மொழி கீழ்ப்படிதலை மட்டுமே பயிற்றும்.

இத்தகைய சாதனங்கள் பேச்சு வளர்வதைத் தடுத்துவிடும் என்ற அச்சத்திற்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தொடுவழித் தொடர்பையும் தொடர்புமுறையாக ஏற்கிறது. மாற்றுத் தொடர்புமுறைகளை ஊக்குவிப்பது அரசுகள், உள்ளாட்சி அமைப்புகளின் கடமை என்கிறது அதன் 17ஆவது பிரிவு. துணித்துண்டும் அட்டையும் விலை உயர்ந்தவை அல்ல. குழந்தையை உற்றுநோக்கி, அடையாளங்களைத் தேர்ந்து, நாள்தோறும் பழக்கும் உழைப்பே இதில் பெரிது. அவ்வுழைப்பு இன்று பெரும்பாலும் தாய்மார்களின் தோள்களில் ஊதியமின்றி ஏற்றப்பட்டுள்ளது. அங்கன்வாடி ஊழியர்களுக்கோ ஒன்றிய அரசு மதிப்பூதியமே அளிக்கிறது.

எனவே, அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் இச்சாதனங்கள் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஊழியர்களுக்குப் பயிற்சியும் தொழிலாளர் என்ற தகுதிக்குரிய ஊதியமும் வேண்டும். இக்கோரிக்கைகளை மாற்றுத்திறனாளிகளும் மாதர், தொழிற்சங்க அமைப்புகளும் ஒன்றிணைந்து ஒவ்வொரு ஊராட்சியிலும் எழுப்புவோமாக.