எழுதாமல் விட்ட ஒரு வரி

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கை எழுதி வைக்கச் சொல்பவர்கள் ஒரு கதை சொல்வதுண்டு. 1953-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதி வைத்திருந்த 3 சதவீதம் மாணவர்கள், பின்னாளில் மற்ற 97 சதவீதம் பேரைவிட அதிகம் சம்பாதித்தார்களாம். அப்படி ஓர் ஆய்வே நடக்கவில்லை! ஆகவே என் கதையையே சொல்கிறேன்.

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் இரண்டு லேத்தோடு பட்டறை தொடங்கினேன். 'பெரிசா வரணும்'னு மனசு நிறைய ஆசை. காகிதத்தில் ஒன்றும் இல்லை. 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசை இந்தியாவில் முதலாவதாகப் பெற்றது, பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. அதைப் பற்றிப் பின்னாளில் படித்தேன். ஆண்டு இலக்கை எண்ணாக எழுதி, பிரிவு பிரிவாகப் பங்கிட்டு, தவறாமல் சரிபார்ப்பது அந்தத் தரமுறையின் ஓர் அங்கம்.

நானும் ஒரு நோட்டு வாங்கினேன். 'ரிஜெக்ஷன் நூற்றுக்கு ஐந்திலிருந்து இரண்டு. மார்ச் 31-க்குள்' என்று எழுதினேன். மனசில் நினைத்தபோது வராத கேள்விகள் எழுதியதும் வந்தன. யார் அளப்பது? எந்த கேஜ்? அதற்குப் பணம்? பதில் தேடியதில் பாதி வேலை முடிந்தது. அடுத்த பக்கத்தில், 'ஞாயிறு முழுக்க வீட்டில்' என்றும் எழுதினேன்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு, அடையாறு பெருகியது. பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர். மோட்டார்கள் எல்லாம் போச்சு. அலமாரி உச்சியில் தப்பித்த நோட்டைப் புரட்டினேன். அத்தனை வருஷ இலக்குகளில் இன்சூரன்ஸ் என்ற சொல்லே இல்லை. அது என் தவறு.

அன்று ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரே பக்கம் எழுதினேன். எந்த மெஷின் முதலில், ஆட்களுக்குச் சம்பளம் எங்கிருந்து, எந்த ஆர்டருக்கு என்ன தேதி சொல்வது என்று. நாற்பத்தைந்தாம் நாள் முதல் லோடு கிளம்பியது. ஆட்களில் ஒருவர்கூட விட்டுப் போகவில்லை.

தம்பி தங்கைகளே, இலக்கை எழுதும்போது எண் போடுங்கள், தேதி போடுங்கள். கீழே மூன்றாவதாக, 'இது தவறினால் என்ன செய்வேன்?' என்றும் எழுதுங்கள். அந்த ஒரு வரிக்கு நான் கொடுத்த விலை அதிகம். உங்களுக்கு ஒரு பேனாவின் விலைதான்.