குடிசையிலிருந்து மாளிகைக்கு: உஷா நாராயணன்
(திருமங்கலத்தில் ஆற்றிய உரை)



குடியரசுத் தலைவரின் மனைவி கதை நமக்கெதற்கு என்பீர்கள். கேளுங்கள்.

கே. ஆர். நாராயணன் கேரளத்து உழவூரில், தாழ்த்தப்பட்ட குடும்பத்தில், ஓலைக் குடிசையில் பிறந்தவர். ரங்கூன் தூதரகத்தில் வேலை பார்க்கையில் டின்ட் டின்ட் என்ற பர்மியப் பெண்ணை விரும்பினார். தூதரக அதிகாரி அயல்நாட்டுப் பெண்ணை மணக்க விதி இடம் தரவில்லை. நேரு தனி அனுமதி தந்தார். 1951-ல் டில்லியில் மணம் நடந்தது. அவரே உஷா.

1997-ல் கணவர் குடியரசுத் தலைவரானார். மறு ஆண்டு, பர்மியக் கம்யூனிஸ்ட் எழுத்தாளர் தெய்ன் பே மியின்ட்டின் கதைகள் அம்மையாரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் நூலாக வந்தன. 2008-ல் அவர் காலமானார்.

அங்கே விதி தடுத்தது. ஒரு கையெழுத்தில் விலகியது. இங்கே சட்டம் தடுக்கவில்லை; சாதிதான் அரிவாளோடு நிற்கிறது. ஆலையில் ஒன்றாக உழைக்கிறோம், வயலில் ஒன்றாக நாற்று நடுகிறோம். கலியாணத்தில் மட்டும் ஏன் சுவர்? நாளை உங்கள் மகள் ஒருவன் பெயரைச் சொன்னால், அவன் குணத்தைக் கேளுங்கள், சாதியைக் கேளாதீர்கள்!