எங்க பொழப்பப் பத்தி ஒரு புத்தகம்



அண்மையில் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். உ.வே. சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ நூலிலிருந்து தொடங்குகிறேன். 1880, கும்பகோணம். கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருக்கும் இருபத்தைந்து வயது உ.வே. சாமிநாதையர், சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று ஐயர் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இல்லை! அந்த ஒரு ‘இல்லை’தான் ஐயரை ஏட்டுச்சுவடிகளுக்குள் தள்ளியது. 1887-இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. நாம் படித்ததைப் பாராட்ட ஆயிரம் பேர் வருவார்கள். படிக்காததைச் சுட்டிக்காட்ட ஒருவர் வருவது பெரும்பேறு.

எனக்கும் ஒருவர் வந்தார். விடியலில் தெருவைக் கூட்டி முடித்து, கைகால் கழுவிக்கொண்டு, இந்த நூலகத்துக்குப் பேப்பர் படிக்க வரும் தூய்மைப் பணியாளர். ஒருநாள் என்னிடம், “ஐயா, எங்க பொழப்பப் பத்தி ஏதாச்சும் புத்தகம் இருக்கா?” என்று கேட்டார். முப்பது ஆண்டு வாசகன் நான். சோழரைப் பற்றிக் கேட்டிருந்தால் பத்துப் புத்தகம் எடுத்துக் கொடுத்திருப்பேன். அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நான் இப்போது படிப்பதெல்லாம் அந்தக் கேள்வி இழுத்துவந்தவை.

ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளின் கதை. வெயிலில் உப்பு கண்ணைப் பறிக்கிறது, காலைப் புண்ணாக்குகிறது. சில இடங்களில் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு ஆசிரியரே பேசுகிறார் என்பது என் குறை. ஆனாலும் அதைப் படித்த பிறகு சோற்றில் உப்புப் போடும்போது என் கை ஒரு கணம் நிற்கிறது.

‘எரியும் பனிக்காடு’ எழுதிய பி.எச். டேனியல், தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக இருந்தவர். 1969-இல் ஆங்கிலத்தில் வந்ததை இரா. முருகவேள் தமிழுக்குக் கொண்டுவந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து முன்பணம் வாங்கி மலையேறும் கருப்பனையும் வள்ளியையும் அந்தக் கடனே கட்டிப்போடுகிறது. இரவில் படிக்காதீர்கள், தூக்கம் வராது.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ மிகச் சிறிய நாவல். குடத்தோடு அலையும் சென்னைப் பெண்கள், மனமுடைந்த ஜமுனா, அவளுக்குத் தன் வாழ்க்கையைச் சொல்லும் டீச்சரம்மா. கண்ணீர் விடச் சொல்லாமலே கலங்கவைக்கும் எழுத்து.

இப்போது ‘தோட்டியின் மகன்’. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-இல் எழுதியது. சுந்தர ராமசாமி இளமையிலேயே மொழிபெயர்த்திருந்தும் நூலாக வந்தது 2000-இல்தான். மலையாள நாவல்தான். ஆனால் ஆலப்புழையில் மலவாளி சுமப்பவர்களின் பெயரைப் பாருங்கள்: இசக்கிமுத்து, சுடலைமுத்து. நம் மண்ணின் பெயர்கள்! சுடலைமுத்து தன் மகனுக்கு மோகன் என்று பெயர் வைக்கிறான். தோட்டி வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஒரு பெயரா என்று ஊர் முகம் சுளிக்கிறது. மகன் இந்த வாளியைத் தொடக்கூடாது என்று காசு காசாகச் சேர்க்கிறான். அந்த ஒரே ஆசைக்காகத் தன் கூட்டத்தையே காட்டிக்கொடுக்கிறான். அவனைத் திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. மலம் அள்ளும் இந்த வேலைக்கு மனிதரை அமர்த்துவதை 1993-இலும் 2013-இலும் சட்டம் போட்டுத் தடுத்தோம். அதன் பிறகும் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் மனிதர்கள் மூச்சுத் திணறிச் சாகிறார்கள். நாவல் பழையதாகிவிட்டது என்று சொல்லும் உரிமையை நாம் இன்னும் சம்பாதிக்கவில்லை.

அந்தப் புத்தகத்தை அந்தத் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்தேன். பதினைந்து நாள் வைத்திருந்து படித்தார். திருப்பிக் கொடுக்கும்போது, “சுடலைமுத்து செஞ்சது தப்புங்களா ஐயா?” என்றார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. “எனக்கும் ஒரு பையன் இருக்கான்” என்றார். இருவரும் நூலக வாசல் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

நாளைக் காலையில் அவர் வருவார். ‘எரியும் பனிக்காடு’ வேண்டுமென்று சொல்லியிருக்கிறார். நூலகர் அம்மா, அதை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.