குறைமாதக் குழந்தைக்குப் பாலூட்டல்



திருகோணமலைத் துறைமுகத்தின் உட்புறத்தே, விமானத் தளமும் எண்ணெய்த் தாங்கிகளும் மாவாலையும் சூழ அமைந்த ஊர் சீனன்குடா. இவ்வூர்ப் பெண்ணொருத்தி ஏழாந் திங்களிலேயே குழந்தை பெற்றுவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை நகரத்து வைத்தியசாலையிலே கண்ணாடிப் பெட்டிக்குள் வளரும். சில நாளில் தாயின் உடல் தேறிவிடும். வீட்டிலே மூத்த பிள்ளைகள் காத்திருப்பர். அவள் வீடு திரும்பினாளாயின், பிள்ளை அங்கே, பால் இங்கே என்றாகிவிடும். இப்பிரிவைப் பற்றியே இன்று பேசக் கருதுகின்றேன்.

37 வாரம் நிறையுமுன் பிறப்பதைக் குறைமாதப் பிறப்பு என்பர். உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் இசைவுபடச் செய்யும் ஆற்றல் குழந்தைக்கு ஏறத்தாழ 34 வாரமளவிலேயே கைகூடுகின்றது. அதற்கு முன் பிறந்த பிள்ளைக்கு மெல்லிய குழாய் வழியே பால் செலுத்துவர். இதனைக் காணும் தாய், ‘இனி எல்லாம் வைத்தியர் கையில், எனக்கு இங்கு வேலையில்லை’ என்று எண்ணி ஒதுங்கி நிற்கின்றாள். உண்மை அதற்கு நேர்மாறானது. குறைமாதக் குழந்தைகளுக்கு உண்டாகும் கொடிய குடல் அழற்சியைக் குறைப்பதிலே தாய்ப்பாலுக்கு நிகரான பிறிதோர் உணவு இல்லை. அவள் தருவது உணவு மட்டுமன்று, மருந்துமாகும்.

பால் சுரப்பதற்கு ஒரு நியதி உண்டு. எடுக்க எடுக்கவே ஊறும். எடாது விட்டால் வற்றும். பிள்ளை உறிஞ்ச இயலாதபோது தாயின் கையே அவ்வேலையைச் செய்தல் வேண்டும். பிறந்த முதற் சில மணி நேரத்துள்ளேயே பாலைப் பிழிந்தெடுக்கத் தொடங்கி, நாளொன்றுக்கு எட்டு முறையேனும், இரவிலும் ஒரு முறை தவறாது, எடுத்து வருதல் நன்று. முதல் நாளிலே சில துளியே வரும். அதைக் கண்டு மனந்தளர வேண்டாம். அச்சீம்பாலின் ஒவ்வொரு துளியும் அரியது. சிறிது வளர்ந்த பிள்ளைக்குச் சிறு கிண்ணத்தாற் புகட்டுவதுண்டு. நம் பாட்டிமாரின் சங்கு நினைவுக்கு வருகின்றதல்லவா? ஆயினும் சங்கின் உட்புறத்தைக் கழுவுதல் கடினம். வாயகன்ற கிண்ணமே மேல்.

தாயைப் பிரித்து வைப்பதன் தீங்கு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாரிஸ் நகர வைத்தியர் பியேர் பூடன் இதனை எடுத்துரைத்தார். 1970களின் இறுதியிலே, கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் வெப்பப் பெட்டிகள் போதாமையால், எட்கார் ரே சனாப்ரியா என்ற வைத்தியர் தாயின் மார்போடு தோல்பட அணைத்து வளர்க்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்பது அதுவே. வறுமை கற்பித்த பாடத்தைச் செல்வ நாடுகளும் பின்னர் ஏற்றன. 2021இல் வெளிவந்த ஆய்வொன்று, டில்லி உட்பட ஐந்து வைத்தியசாலைகளிலே நடைபெற்றது. அங்கே தாயின் கட்டிலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் இட்டு, பிறந்தவுடனேயே அணைக்கச் செய்தனர். 28 நாளுள் இறந்த குழந்தைகள், வழமையான முறையில் நூற்றுக்கு 15.7 ஆக, இம்முறையில் 12 ஆகக் குறைந்தனர். மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம், நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் இவ்வாறு அணைக்குமாறு பரிந்துரைத்தது.

நம் நாட்டிலே தாய்ப்பாலூட்டும் வழக்கத்துக்குக் குறைவில்லை. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் 82 வீதத்தினர் தாய்ப்பால் ஒன்றையே பருகினர். ஆகவே குறைமாதக் குழந்தை பாலிழந்து தவிப்பது மனமில்லாமையாலன்று; பெரும்பாலும் தூரத்தாலும் வீட்டு வேலையாலுமே. 2009இல் பாலம் திறக்கப்படும் வரை கிண்ணியா மக்கள் ‘பாதை’ ஏறியே நீரைக் கடந்து, சீனன்குடா வழியே நகருக்குச் சென்றனர். இன்று பஸ் வண்டி நேரே ஓடுகின்றது. எனினும் எட்டு வேளைக்கு எட்டுப் பயணம் யாரால் இயலும்?

இங்கேதான் குடும்பம் முன்வரல் வேண்டும். அம்மம்மா அடுப்பையும் மூத்த பிள்ளைகளையும் ஏற்றுக்கொண்டால், தாய் வைத்தியசாலையிலேயே தங்கலாம். தங்க இயலாதவள் வீட்டிற் பிழிந்த பாலை, கொதிநீரிற் சுத்தஞ்செய்த மூடியுள்ள கலத்திலிட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கணவனிடம் அனுப்பலாம். எங்ஙனம் கொணர்வதென்பதைத் தாதியரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் அவசியம். ஆலையிலே இரவு வேலை முடித்து வரும் தந்தையும், குளித்துத் தூய ஆடை அணிந்து, பிள்ளையை மார்பிலே தாங்கலாம். ஆண்மைக்கு இது இழுக்கென்பாரும் உளர். அவர்கள் ஒருமுறை தாங்கிப் பார்க்கட்டும். அம்மம்மாவுக்கு ஒரு வேண்டுகோள்: தேன் தொட்டு வைத்தல், சீனித் தண்ணீர் கொடுத்தல் ஆகியவை இப்பிள்ளைக்கு ஆகா.

பருகும் வேளையிலே பிள்ளையின் முகத்தையே பார்த்திருங்கள். விரல்களை விரித்தலும், புருவஞ் சுருக்கலும், நிறம் மாறலும் ‘சற்றுப் பொறு’ என்னும் அதன் மொழி. அப்போது நிறுத்துக. அளவை முடிக்கவேண்டுமென்று வற்புறுத்திப் புகட்டினால் மூச்சுத் திணறும். இக்குறிப்புகளைத் தாதியர் கற்பிப்பர். பல நாள் உடனிருந்த தாயோ எவரினும் விரைந்து உணர்வாள்.

பிள்ளை வீடு வந்தபின் குடும்பநல உத்தியோகத்தர் நிறை பார்க்க வருவார். ஆனால் பிள்ளை பாலுக்கு எழாது சோர்ந்து கிடப்பினும், உடல் குளிர்ந்திருப்பினும், மூச்சு வாங்கினும், அவர் வரவை எதிர்பாராது, இரவாயினும் மார்போடு அணைத்து வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுங்கள்.